வேறொருத்தர் முதுகில் பட்ட பந்து

அப்பா,

தொலைந்துபோன ரிமோட் இன்றைக்குக் கிடைத்துவிட்டது.

சனிக்கிழமை வீடு மாறுகிறோம். பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்டைக் காலி செய்துவிட்டு பிரிட்ஜ்வாட்டருக்கு. பெருமாள் கோயில் அங்கேதானே, நடந்தே போய்விடலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். முடியாது. அங்கே பால் வாங்கக்கூடக் கார்தான். இந்தப் பழைய சோபாவை இலவசமாகத் தருகிறேன் என்றாலும் எடுத்துக்கொள்ள ஆளில்லை. சரி, குப்பை போடும் இடத்துக்கு இழுத்துவிடுவோம் என்று ஒருக்களித்துச் சாய்த்தேன். உள்ளே எதுவோ உருண்டது. கிழிந்த துணிக்குள் முழங்கை வரைக்கும் விட்டுத் துழாவினால், ரிமோட். ஒரு பொத்தான் மேல் நான் ஒட்டிவைத்த பிளாஸ்திரித் துண்டு இன்னும் அப்படியே இருக்கிறது.

கூடவே அரிசியும் வந்தது. மஞ்சள் தடவிய அரிசி, ஏழே ஏழு.

அதைப் பார்த்ததும் சோபாவை அப்படியே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். உங்கள் மருமகள் இன்னும் வேலைக்காக டாலஸுக்குப் போய்வந்துகொண்டுதான் இருக்கிறாள், வியாழக்கிழமை ராத்திரிதான் வருவாள். சுற்றிலும் அட்டைப்பெட்டிகள். யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. யாரும் இல்லை. அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நீங்கள் வந்த அந்தக் கோடையை நினைத்தால் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வருகிறது. முதல் வாரம் முழுக்க ஜன்னலில் நின்று பார்க்கிங் லாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் ஏழு மணிக்கு பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலைப் பிடித்தால் திரும்பப் பொழுது சாயும். நடுவில் பன்னிரண்டு மணி நேரம் நீங்களும் அந்த டிவியும். தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் நாலு பேரோடு வாயடித்த மனுஷன். இந்த அபார்ட்மென்டில் உங்களோடு பேசியது மைக்ரோவேவ் ஒன்றுதான்.

இரண்டாவது வாரம் ஒருநாள் நான் உள்ளே நுழையும்போது சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். டிவியில் பேஸ்பால்.

“என்னடா கண்ணு இது, அவனவன் சும்மா நின்னுட்டு வெத்தல போட்டவனாட்டம் துப்பறான்?”

“உங்களுக்குப் புரியாதுப்பா, சேனல் மாத்தட்டுமா?”

“மாத்தாத. எனக்கெல்லாம் புரிஞ்சுபோச்சு. நாங்க பள்ளிக்கூடத்துல ஆடுன எறிபந்துதான்டா இது. பந்தை வீசறவன் நெனச்சான்னா மட்டை புடிக்கறவன் முதுகுலயே ஒண்ணு வெக்கலாம். அவன் முதுகைக் காட்டிட்டு வாங்கிக்கோணும்.”

அப்புறம் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, உங்கள் மகனுக்கு, அமெரிக்காவில் அஞ்சு வருஷமாக இருக்கிறவனுக்கு, பேஸ்பால் சொல்லிக்கொடுத்தீர்கள். விளம்பரம் வந்தால் வாயை மூடவைக்க ஒரு பொத்தான் இருக்குமே, அது எது என்று கேட்டீர்கள். கண்ணாடி இல்லாமலே கைக்குத் தட்டுப்படட்டும் என்று அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டிக் கொடுத்தேன். நான் அந்தக் கோடையில் உங்களுக்குச் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

பந்தை மைதானத்துக்கு வெளியே விரட்டும் ஹோம் ரன்னெல்லாம் உங்களுக்கு இரண்டாம்பட்சம். உங்களைப் பிடித்துக்கொண்டது பழிவாங்கும் கணக்குத்தான். நம் ஆளை அவர்கள் பந்து வீசுகிறவன் அடித்துவிட்டானா, நம் பந்து வீசுகிறவன் அவர்கள் ஆள் ஒருவனை அடித்தே ஆக வேண்டும். இதில் உங்களை மிகவும் ரசிக்கவைத்த விஷயம், அடித்தவனை யாரும் திருப்பி அடிக்க மாட்டார்கள் என்பது. அவன் மட்டை பிடிக்கவே வரமாட்டானாம். அவன் கூட்டாளி எவனாவது வாங்கிக்கொள்வான்.

“அதென்ன நாயம்ப்பா?” என்றேன்.

“கூட ஆடறவனுக்காக ஒண்ணு எறியலைன்னா அவன் எப்படிடா நம்மளை மதிப்பான்? அடி வாங்குனவன் ஒரு பொட்டு சத்தம் போட மாட்டான், பாத்துக்க. பட்ட எடத்தைத் தடவக்கூட மாட்டான். தடவுனா வலிச்சுப்போச்சுன்னு அர்த்தம். மட்டையைப் போட்டுட்டு ஓடிப்போயி மொத மூலைல, அதான் அவங்க சொல்ற பர்ஸ்ட் பேஸ்ல, நின்னுக்குவான்.”

“இதெல்லாம் ரூல் புக்ல இருக்காப்பா?”

“எதுடா புக்குல இருக்குது? கூடப்பொறந்தவன் ஊட்டுக்கு நேர்ல போயித் தட்டத்தோட பத்திரிகை வெக்கோணும்னு எந்த புக்குல எளுதியிருக்குது?”

இரண்டு பேருக்கும் சித்தப்பா ஞாபகம் வந்துவிட்டது.

அந்தக் கதை எனக்கும் உங்களுக்கும் தெரியும், இருந்தாலும் இன்றைக்கு ஒருமுறை முழுதாகச் சொல்லிப் பார்க்கிறேன். என் கல்யாணத்துக்கு எனக்குக் கிடைத்தது மூன்றே வாரம் லீவு. மூன்றாம் நாள் பெண் பார்த்து, பதினாறாம் நாள் முகூர்த்தம். நீங்கள் ஒற்றை ஆளாக மண்டபத்துக்கும் சமையல்காரருக்கும் ஓடினீர்கள். திருப்பூரில் இருக்கும் உங்கள் தம்பி வீட்டுக்கு நேரில் போக முடியாமல் பத்திரிகையைத் தபாலில் போட்டுவிட்டீர்கள். “ஊர்க்காரனுக்கு அனுப்பறாப்ல எனக்கும் ஸ்டாம்பு ஒட்டி அனுப்பிச்சிருக்கீங்களேண்ணா” என்று சித்தப்பா போனில் ஒருவார்த்தை சொன்னார். முகூர்த்தத்துக்கு அந்த வீட்டிலிருந்து ஒருத்தரும் வரவில்லை. மண்டபத்து வாசலில் நீங்கள் பத்து மணிவரைக்கும் நின்றுகொண்டிருந்தீர்கள். மாலையும் கழுத்துமாக நான் அதைப் பார்த்தேன். அந்தக் கோபம் எனக்கு ஆறவே இல்லை.

வராதவர்களில் அம்மிணியும் உண்டு. சித்தப்பாவின் ஒரே பெண். அம்மா காலமாகி, நான் விமானம் ஏறிய பிறகு, ஈரோட்டில் காலேஜ் படிக்கிறேன் என்று மூன்று வருஷம் உங்களோடு நம் வீட்டில் இருந்தவள். உங்களுக்கு ரசம் வைத்துக் கொடுத்தவள், மாத்திரை எடுத்துக் கொடுத்தவள், உங்களோடு சண்டைபோட்டு உங்களைக் கண் ஆபரேஷனுக்குக் கூட்டிப்போனவள். கல்யாணத்தன்று விடிகாலையில் யாருக்கும் தெரியாமல் மண்டபத்துக்குப் போன் போட்டு என்னைக் கூப்பிட்டாள். “நான் வல்லைன்னு கோவிச்சுக்காதீங்கண்ணா, புதுச்சேலை எடுத்து வெச்சிருக்கறனுங்க” என்றாள். நான் “சரி சரி” என்று வைத்துவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து அம்மிணிக்குக் கல்யாணம் முடிவானது, ஆவணியில். சித்தப்பா தட்டத்தோடு நேரில் வந்தார், வாசலில் நின்று கண் கலங்கினார் என்றெல்லாம் பிற்பாடு கேள்விப்பட்டேன். அதற்குள் நீங்கள் எனக்குப் போன் போட்டுவிட்டீர்கள். “டேய், ஆனி மாசம் வந்துட்டு கார்த்தியல் மாசம் திரும்பறாப்ல ஒரு டிக்கெட்டுப் போடு.” எதற்கு என்று நானும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. எனக்குத் தெரியாதா? ஊரிலேயே இல்லாத ஆளை எவன் ஏன் வரவில்லை என்று கேட்பான்? உறவுக்காரர்களுக்குச் சொல்ல வசதியாக, “பையன் தனியாக் கெடக்கறான், வேற தேதிக்கு டிக்கெட்டு கெடைக்கலை” என்று ஒரு சாக்கு. அந்த டிக்கெட்டை எடுத்தது நான்தான். ஒருவித திருப்தியோடுதான் எடுத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆகஸ்ட் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. தூறல். ஆட்டம் நடந்த ஊரிலும் தூறல்தான். எதிரணிக்காரன் வீசிய பந்து ஈரத்தில் கையைவிட்டு நழுவி நம் ஆள் தோளில் பட்டது. அவன் பதறிப்போய்க் கையைத் தூக்கி மன்னிப்புக்கூடக் கேட்டான். நீங்கள் கேட்பதாயில்லை. “மன்னிப்பாவது மண்ணாங்கட்டியாவது! இப்பப் பாரு, நம்மாளு உடமாட்டான்” என்று சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தீர்கள். அரை மணி நேரம் ஒரு வாய் சாப்பிடவில்லை.

எதிரணியில் மட்டை பிடிக்க வந்தவன் புதுப்பையன். அன்றைக்குத்தான் அவனுக்கு முதல் ஆட்டமாம். அவனுடைய அப்பா அம்மாவைக் காமிரா காட்டியது. எங்கிருந்தோ விமானம் ஏறி வந்திருக்கிறார்கள். அந்த அம்மாள் மகன் பெயரைக் கையால் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நம் பந்து வீசுகிறவன் ஒரு வினாடி தரையைப் பார்த்தான், பிறகு வீசினான். விலாவில் பட்ட சத்தம் டிவியில் கேட்டது. அந்த அம்மாள் அட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பையன் தடவவில்லை. மட்டையை மெல்லக் கீழே வைத்துவிட்டு முதல் மூலைக்கு ஓடினான். இரண்டு பக்கத்துக் கூட்டமும் மைதானத்துக்குள் இறங்கி ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டது. அவன் மட்டும் மூலையில் தனியாக நின்றுகொண்டிருந்தான்.

“தடவலை பாத்தியா” என்றீர்கள். எப்போதும் குதித்துக்கொண்டு சொல்கிற வார்த்தை, அன்றைக்குக் குரலே எழும்பவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு, “இவன் என்னடா பண்ணுனான்?” என்று கேட்டீர்கள்.

ஆட்டம் முடிந்ததும் பந்து வீசிய நம் ஆளைப் பேட்டி எடுத்தார்கள். தூறல் இல்லையா, பந்து நழுவிவிட்டது என்றான்.

“பொய் சொல்றான்” என்றீர்கள்.

“எப்படிப்பா தெரியும்?”

“நானும் இப்படித்தானடா சொல்லிட்டு வந்தேன். டிக்கெட்டு கெடைக்கலைன்னு.”

நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு சிங்க்குக்குப் போனேன். நீங்கள் பின்னாலேயே வந்து ஃபிரிட்ஜ் பக்கத்தில் நின்றீர்கள். “அம்மிணி கல்யாணத்துக்கு இன்னும் பன்னெண்டு நாள் இருக்குது. டிக்கெட்டை மாத்திக் குடுப்பானுங்களாடா?” நான் குழாயைத் திருகினேன். “அவன் வராம உட்டது உன்ற கல்யாணத்துக்கு. உனக்காகத்தான் நானும் பண்ணுனேன். உனக்கு வருத்தமில்லைன்னு ஒருவார்த்தை சொல்லு கண்ணு, நான் போயிட்டு வந்தர்றேன்.”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? போங்கப்பா, நாளைக்கே மாற்றித் தருகிறேன். அவ்வளவுதானே. மண்டப வாசலில் நீங்கள் நின்ற கோலம் கண்ணில் வந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதி என்ன தெரியுமா அப்பா, பொறாமை. உங்களோடு நான் இல்லாத மூன்று வருஷமும் அவள் இருந்தாள். இந்த ஒரு கோடை எனக்கு, இதிலும் அவளுக்காகப் பாதியில் போகிறேன் என்கிறீர்களே என்று வந்தது.

“உங்க இஷ்டம்பா” என்றேன்.

நம் வீட்டில் இதற்கு என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும். வேண்டாம் என்று சொன்னால் சண்டையாவது போடலாம். தமிழில் இதைவிடக் கெட்ட வார்த்தை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. “செரி, உடு” என்றீர்கள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அடுத்த வார சனிக்கிழமை மூன்று பேரும் பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குப் போனோம். அர்ச்சனை யார் பேருக்கு என்று அர்ச்சகர் கேட்டார். நீங்கள் அம்மிணி பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னீர்கள். நான் காதில் விழாதவன் போலக் கார் சாவியைத் தேடினேன். அன்றைக்குக் கேன்டீனில் புளியோதரையைப் பாதி வைத்துவிட்டீர்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஊரில் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு முகூர்த்தம் என்றால் நமக்கு இங்கே அந்த ஞாயிறு சாயங்காலம் எட்டரை. உங்கள் மருமகளை நியூவர்க் ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு நான் வீட்டுக்குள் நுழைந்தபோது எட்டரை தாண்டியிருந்தது. நீங்கள் குளித்து, பட்டுக்கரை வேட்டியும் விசேஷத்துக்கென்று வைத்திருக்கும் அந்த வெள்ளைச் சட்டையும் போட்டு, திருநீறு பூசிக்கொண்டு சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தீர்கள். டிவியில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது, சத்தமே இல்லாமல். போன் பக்கத்தில், ஊருக்குப் பேச வாங்கிவைத்த காலிங் கார்டு கிடந்தது. வலது கையை மூடி மடியில் வைத்திருந்தீர்கள்.

“எங்கியாச்சும் போகணுமாப்பா?”

“எங்கடா போறது.”

அவ்வளவுதான் பேசினோம். நான் அறைக்குள் போய் உடை மாற்றிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டேன். அந்தக் கைக்குள் என்ன என்று நான் கேட்கவில்லை. மறுநாள் ரிமோட்டைக் காணோம். “எங்கியோ வெச்சுட்டேன்” என்றீர்கள். ஊருக்குத் திரும்பும்வரை நீங்கள் அப்புறம் பேஸ்பால் பார்க்கவில்லை. ஒருநாள் மைதானத்துக்கே கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருந்தேனே, அதையும் நான் மறந்துவிட்டேன்.

அந்தக் கை மூடியிருந்தது ஏனென்று இன்றைக்குத் தெரிந்துவிட்டது. அடுக்களையில் நீங்களே மஞ்சள் தேடி எடுத்து அரிசியில் பிசறியிருக்கிறீர்கள். தாலி கட்டும் நேரம் பார்த்து எங்கே போட்டீர்கள் அப்பா? டிவியைப் பார்த்தா? கிழக்கே பார்த்தா? நான் அறைக்குள் போனதும் மிச்சத்தை சோபாவுக்குள் ஒளித்தீர்களா? என் வீட்டில், என்னிடமிருந்து, களவாணி போல.

நியூவர்க்கில் விமானம் ஏறும்போது, “போனதும் ஒருக்கா திருப்பூர் போயிட்டு வரோணும்” என்றீர்கள். நான் “ம்” என்றேன். அப்புறம் போனில் ஒருநாள், “என்ன மூஞ்சிய வெச்சுட்டுப் போறதுன்னுதான் ரோசனையா இருக்குது” என்றீர்கள். தை முடிந்தது. மாசியில் நீங்களே போய்விட்டீர்கள்.

என் கிரீன் கார்டு அப்போது நடுவழியில் நின்றது. அனுமதிக் காகிதம் இல்லாமல் நாட்டை விட்டுக் கிளம்பினால் திரும்ப வரமுடியாது என்று வக்கீல் சொன்னார். காகிதம் வர நாளாகும். வராமல் போனால்தான் என்ன என்று கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. இந்தச் சோபாவில் உட்கார்ந்து காலிங் கார்டு நம்பரை ஒவ்வொன்றாக அழுத்தினேன். சித்தப்பா எடுத்தார், அழுகையில் பேச்சே வரவில்லை. போனை அவள் வாங்கிக்கொண்டாள்.

“நான் இங்கதானுங்கண்ணா இருக்கறேன். நேத்துப் பொளுதோடயே வந்துட்டனுங்க. பெரியப்பாவுக்கு அந்த வெள்ளைச் சட்டையே போட்டுட்டோம், செரிதானுங்களாண்ணா?”

“அம்மிணி…” என்றேன்.

“கொள்ளி எங்கப்பா வெச்சர்றாருங்க. நீங்க அங்க ஒத்தையா உக்காந்துட்டு மனசைப் போட்டு ஒளப்பிக்காதீங்க. ஒருவாய் சாப்புட்டுட்டுப் படுங்கண்ணா.”

கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை என்று அவள் ஒருவார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, இந்த இரண்டு வருஷத்தில் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போன் பண்ணும்போதும் கேட்கவில்லை. பட்ட இடத்தைத் தடவிக்கூடப் பார்க்காமல் போய் மூலையில் நின்றுகொண்டாள். கூடப்பிறந்தவன் இல்லாத பெண், முகூர்த்தத்தில் அண்ணன் செய்ய வேண்டியதை யாரோ தூரத்துச் சொந்தம் செய்ததாம். அதையும் வேறு யாரோதான் எனக்குச் சொன்னார்கள்.

அவள் இன்றுவரை என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள் தெரியுமா? பெரியப்பா வைராக்கியக்காரர், வர மனசில்லாமல் அமெரிக்காவில் போய் உட்கார்ந்துகொண்டார் என்று. ஊரே அப்படித்தான் பேசுகிறது. சிங்க் பக்கத்தில் நடந்தது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தப் பழியை உங்கள் முதுகில் விட்டுவிட்டு நான் சௌகரியமாக இருந்திருக்கிறேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

முதலில் இந்த அரிசியை ஒரு கவரில் போட்டு அவளுக்கு அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். கவரை எடுத்து முகவரிகூட எழுதிவிட்டேன். ஸ்டாம்பு ஒட்டும்போதுதான் புத்தியில் உறைத்தது. மடையன், தபாலில் போட்டதில்தானே எல்லாம் ஆரம்பித்தது!

மேனேஜருக்கு மெயில் போட்டாயிற்று. மூன்று வாரம் லீவு. வீடு மாறின கையோடா என்று கேட்பான், கேட்கட்டும். கிரீன் கார்டு கையில் இருக்கிறது, இனிமேல் எந்தக் காகிதத்தையும் சாக்குச் சொல்ல முடியாது. கோயம்புத்தூரில் இறங்கியதும் முதலில் திருப்பூர், ஈரோடு அப்புறம்தான். தட்டம், வெற்றிலை பாக்கு, பழம் எல்லாம் வைத்து, சித்தப்பா வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டு உள்ளே போகப்போகிறேன். அவர்கள் வாங்க என்று சொல்லாவிட்டாலும் போகப்போகிறேன். அங்கிருந்து அம்மிணி வீடு.

“பழைய கதைங்கண்ணா, உடுங்க” என்பாள். எனக்குத் தெரியும். விடப்போவதில்லை. பெரியப்பா வரேன்னுதான் சொன்னார் அம்மிணி, நான்தான் விடவில்லை என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவள் அழுதாலும் திட்டினாலும் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு அவளையும் மாப்பிள்ளையையும் கிழக்கே பார்த்து நிற்கச் சொல்லி, இந்த ஏழு அரிசியை நீங்கள் கொடுத்தனுப்பியதாகச் சொல்லி அவள் தலையில் போட வேண்டும்.

ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று அவள் கேட்டால் கேட்கட்டும். நழுவிவிட்டது என்று மட்டும் சொல்ல மாட்டேன், அப்பா.